படியெடுத்தலும் பயன்கொள்வோர் உரிமையும்

விழா மலருக்கு மாணாக்கர் கற்றுப் பயன்கொள்ளத்தக்க கட்டுரையொன்று எழுதித் தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, யாது பொருள்பற்றி எழுதுவது எனச் சின்னாள் எண்ணினேம். உடுவிலில் எம் வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியொன்று அப்பொருளை எமக்குக் காட்டிற்று. அப்பெட்டியில் இப்போது இருப்பது ஒரேயொரு கசெற். முன்னர் இருந்தவை நூற்றுக்கு மேல். அவை போனவாறும், ஒன்றுமாத்திரம் மீண்டவாறும் பின்னர்க் கூறுவேம். அவ்வொன்று மீண்டதற்குக் காரணம் வீட்டிலிருந்தபடியே ஒருவர் எடுத்த படி. அத்தகைய படியெடுத்தலைக் களவென்று கூறி, அதனைத் தடுக்க உலகின் பெரிய களிப்பூட்டுத் தொழில் நிலையங்கள் நூறாண்டுக்கு மேலாக முயன்று வந்துள்ளன. அம்முயற்சியின் வரலாற்றையும், அதில் நியாயம் இதுவெனவும் அநியாயம் இதுவெனவும் பகுத்தறியும் முறையையும் இங்கு ஆராய்வாம்.

1. ஏட்டுக் காலம்

படியெடுத்தல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. பனையோலையில் எழுதப்பெற்ற நூல் நெடுங்காலம் நிலைத்தல் அரிது. செல்லும் ஈரமும் அதனை அழிக்கும். ஆதலின் ஒவ்வொரு தலைமுறையினரும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதினர். படி எடுக்கப்பட்ட நூல் வாழ்ந்தது; படி எடுக்கப்படாத நூல் மாண்டது. நம் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சிட்டபோது, கையில் எடுத்த ஏடுகள் ஒடிந்து சிதைந்தமையைக் குறித்துத் தம் பதிப்புரைகளில் வருந்தி எழுதினார். அதே 1887இல் உ. வே. சாமிநாதையரவர்கள் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். அவரும் ஊரூராகச் சென்றே ஏடு தேடினார். ஏடு வைத்திருந்தோர் சிலர் மனமுவந்து ஈந்தனர். சிலரோ கொடுக்கவும் இசையாது, தாம் படிக்கவும் செய்யாது, பூட்டி வைத்துச் செல்லரிக்க விட்டனர். இவ்விருவகையினரையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வாம். பின்வரும் வரலாறெல்லாம் இவ்விருவகையினரின் வழக்கேயாம்.

2. அச்சத்தின் வரலாறு

இசையைப் பொறியில் அடைக்கும் வித்தை தோன்றிய காலத்திலேயே அச்சமும் உடன் தோன்றியது. 1906ஆம் ஆண்டு அமெரிக்க இசைப் புலவரான யோன் பிலிப் சூசா என்பார், இசைத்தட்டும் தானியங்கிப் பியானோவும் பரவினால் மக்கள் பாடவும் வாசிக்கவும் மறந்துவிடுவர் என்று கண்டித்து எழுதினார். அவர் அஞ்சியதில் ஒரு பகுதி உண்மையே. ஆயினும் இசை அழியவில்லை. இசைத்தட்டு விற்றோர் பெருஞ் செல்வராயினர். பின்னர் அச்செல்வரே அடுத்து வந்த பொறியைக் கண்டு அஞ்சலாயினர்.

1975இல் யப்பானிய சோனி நிறுவனம் பீற்றாமக்ஸ் என்னும் வீடியோப் பதிகருவியை விற்கத் தொடங்கியது. தொலைக்காட்சியில் இரவு காட்டப்படும் படத்தைப் பதிவு செய்து மறுநாள் ஓய்வாகப் பார்த்தற்கு அஃது உதவிற்று. 1976இல் யூனிவேர்சல், டிஸ்னி ஆகிய பட நிறுவனங்கள் சோனிமீது வழக்குத் தொடுத்தன. 1979இல் கீழ் நீதிமன்றம் சோனிக்குச் சார்பாகத் தீர்த்தது. 1981இல் மேன்முறையீட்டு மன்றம் அதனை மாற்றியது. வழக்கு நிலுவையில் இருந்த 1982இல், படத் தொழிலாளர் சங்கத்தார் அல்லர், படமுதலாளிகளின் சங்கத் தலைவரான யாக் வலென்ரி என்பார், அமெரிக்கச் சட்டசபைக் குழுவின் முன் சாட்சி கூறுகையில், இப்பதிகருவியைத் தனித்திருக்கும் பெண்ணைக் கழுத்து நெரிக்கும் கொலைஞனுக்கு ஒப்பிட்டார். 1984 சனவரி 17ஆம் நாள் உயர்நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மருள் ஐவர், பிறிதொரு நேரத்திற் பார்த்தற்காக வீட்டிற் பதிவு செய்தல் குற்றமன்று எனவும், நல்வழியிற் பயன்படத்தக்க கருவியை விற்றவன் அதனைத் தீயவழியிற் பயன்படுத்தியவனது குற்றத்துக்குப் பொறுப்பாளி ஆகான் எனவும் தீர்ப்பளித்தனர். நால்வர் மாறுபட்டனர். ஒரு வாக்கே வேற்றுமை! பின் நடந்ததென்ன? அந்தப் பத்தாண்டு கழிவதற்குள், படமாளிகைக் கட்டணத்தினும் மிகுந்த வருவாயை வீடியோக் கசெற் அமெரிக்கப் படமுதலாளிகளுக்கு ஈட்டிக் கொடுத்தது. கொலைஞன் என்று இகழப்பட்டவனே குடும்பத்துக்குச் சோறு போடும் மைந்தனாயினான்.

பிரித்தானியாவிலும் இக்கதையே. 1981இல் அந்நாட்டு இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம், வீட்டுப் பதிவு இசையைக் கொல்கின்றது என்று விளம்பரம் செய்தது. மண்டையோட்டுக்குப் பதிலாகக் கசெற்றை வரைந்து, அதன்கீழ் இரண்டு எலும்புகளை இட்ட முத்திரையும் உடன் வந்தது. ஒரு கசெற்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் இரட்டைப் பதிகருவியை விற்ற அம்ஸ்ராட் நிறுவனத்தின்மீது தொடுக்கப்பட்ட வழக்கு 1988இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. மக்கள் யாவரும் மதியாத சட்டத்தைத் திருத்துதல் அல்லது நீக்குதல் தகும் என்ற கருத்தும் அங்கே கூறப்பட்டது. எனினும் அந்நாடு இன்றளவும் தெளிவுறவில்லை. தாம் விலைகொடுத்து வாங்கிய இசையைத் தமக்கெனப் படியெடுக்கலாம் என்று 2014இல் ஆக்கப்பட்ட விதி, 2015இல் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

இவ்விடயத்தில் நடுவுநிலை கண்டது செருமனி எனலாம். அங்கு 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி மக்கள் வீட்டிற் பதிவு செய்யலாம். பதிகருவி விற்பவர் ஒரு சிறு தொகை செலுத்துவர். அத்தொகை ஆக்கியோர்க்குப் பகிரப்படும். தடுக்கவியலாததைத் தடுக்க முயலாது, அதிலிருந்து கலைஞர்க்கு உரியதைப் பெற்றுக்கொடுக்கும் வழி அது.

3. நம் ஊரிற் கசெற் காலம்

நம் நாட்டு மக்கள் தெரிவுரிமையின் வலியை முன்னரே அறிந்தவர். 1952இல் இந்தியத் தகவல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் அவர்கள் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாடல்களைப் பெரிதும் குறைத்தார். நேயர்கள் அதனால் கருநாடக இசைக்குத் திரும்பிவிடவில்லை; வானொலியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினர். கொழும்பிலிருந்து சென்ற பாடல்களை இந்தியா முழுவதும் கேட்டது. ஈற்றில் 1957 ஒற்றோபரில் இந்திய வானொலியும் விவித பாரதி என்னும் மெல்லிசைச் சேவையைத் தொடங்க நேர்ந்தது. விரும்பியதைக் கேட்கும் வாயிலொன்றை அடைத்தால் மக்கள் மற்றொரு வாயிலைத் தேடுவர் என்பது இதனாற் பெறப்படும்.

கசெற் வந்த காலத்தில், மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் கொண்டுவந்த பதிகருவி எம் அயலில் வீட்டுக்கு வீடு புகுந்தது. யாழ்ப்பாண நகரில் றெக்கோடிங் பார்கள் பல இருந்தன. விரும்பும் பாடல்களை ஒரு தாளில் எழுதி, வெற்றுக் கசெற்றுடன் கொடுத்தால், சில நாட்களில் அவற்றைப் பதிந்து தருவர். வீடியோவும் வந்தபின், தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் மின்னாக்கியையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திலே பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த நாட்களை எம் வயதினர் மறவார். 1990இன் பின் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளில் சயிக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையாற் சுழற்றித் தைனமோவினாற் பாட்டுக் கேட்டோம். அவற்றுள் உரிமையாளரின் அநுமதி பெற்ற படி எத்துணை என்று அக்காலத்தில் ஒருவரும் வினவியதில்லை. வினவியிருப்பினும், அநுமதி பெற்ற படியை வாங்கும் வழி பெரும்பாலும் இருந்ததில்லை.

இனி அந்தத் தகரப் பெட்டியின் கதை. எம் பெரியப்பா இசையிற் பெருவிருப்பினர். இணுவிலும் அளவெட்டியும் தந்த நாதசுர, தவில் வித்துவான்கள் எம் ஊர்க் கோயிற் றிருவிழாவில் விடியற்புறம் வரை வாசித்ததை, வித்துவான்களிடம் கேட்டுக்கொண்டு, தம் சிறு கருவியிற் பதிவு செய்வது அவர் வழக்கம். 1984ஆம் ஆண்டுத் திருவிழாவிற் பதிந்த ஒரு கசெற்றை, ரொறன்ரோவுக்குச் சென்ற தம் மருமகனுக்குப் படியெடுத்து அனுப்பினார். 1995 ஒற்றோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் ஊரை விட்டு நீங்கினமையை வாசகர் அறிவர். யாமும் கையிற் கிடைத்தன கொண்டு தென்மராட்சிக்கு நடந்தேம். மீண்டு வந்தபோது வீட்டிற் கூரை இல்லை, பெட்டி இருந்தது, அதனுள் ஒன்றும் இல்லை. பெரியப்பா அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெற்றுப் பெட்டியைத் துடைத்துப் பரணில் வைத்தார். 2003இல் அம்மருமகன் ஊருக்கு வந்தபோது, பத்தொன்பது ஆண்டுக்கு முன் தமக்கு அனுப்பப்பட்ட கசெற்றைக் கொண்டுவந்து அவர் கையிற் கொடுத்தார். அன்றிரவு எம் வீட்டில் மீண்டும் தவில் ஒலித்தது. வாசித்தவர்களுள் ஒருவரும் அப்போது உயிரோடில்லை. அப்படி எடுக்கப்படாதிருந்தால் அவ்விரவும் இல்லை.

இஃது எம் வீட்டுக் கதைமாத்திரம் அன்று. கருநாடக இசையின் பெருமக்களாகிய அரியக்குடி இராமாநுச ஐயங்கார், ஜி. என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர் ஆகியோர் 1965க்கும் 1968க்கும் இடையில் மறைந்தனர். அவர்கள் மேடையில் நெடுநேரம் விரித்துப் பாடியதை இன்று நாம் கேட்பது, இரசிகர் தம் ஒலிநாடாக் கருவியிற் பதிந்து, கைமாற்றி, காத்து வைத்தமையாற் பெரிதும் இயன்றது. சில நிமிடமே ஓடும் இசைத்தட்டில் அவ்விரிவு அடங்காது. பிரித்தானியாவில் பி.பி.சி. நிறுவனம் 1960களின் தொலைக்காட்சி நாடகங்கள் பலவற்றைத் தானே அழித்துவிட்டது. அவற்றுள் ஒன்றாகிய டொக்டர் கூ என்னும் தொடரின் காணாமற்போன பகுதிகள் அனைத்துக்கும் ஒலிவடிவம் எஞ்சியுள்ளது. வீட்டில் இருந்து பதிந்த இரசிகரே அதற்குக் காரணர். நம்மவர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. முதற் றமிழ் மௌனப் படமாகிய கீசக வதம் இன்று இல்லை. 1931இல் வந்த முதற் றமிழ்ப் பேசும் படமாகிய காளிதாசும் இல்லை. உரியவர் கையில்மாத்திரம் இருந்த பொருள் உரியவரோடு போயிற்று.

4. தமிழ்நாட்டு நிகழ்ச்சிகள்

தமிழ்ப்படத் தொழிலும் இவ்வச்சத்துக்கு விலக்கன்று. 2011 நவம்பரில் "3" என்னும் படத்துப் பாடலொன்று இணையத்தில் வெளியாகி, எவரும் இலவசமாகக் கேட்கவும் அனுப்பவும் கூடியதாய் இருந்தமையால், உலகெங்கும் பரவிற்று. தமிழறியாதாரும் அதனைப் பாடினர். 2012 ஏப்ரிலில் அதே படத்தைக் காத்தற்பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்தில், பெயரறியாத எவர்க்கும் எதிரான தடையாணை பெறப்பட்டது. அதைக் கண்ட இணைய நிறுவனங்கள் சில, குற்றமற்ற பணி செய்யும் தளங்களையும் முழுமையாக முடக்கின. சூன் மாதத்தில் நீதிமன்றம், குற்றமுள்ள குறித்த பக்கத்தைமாத்திரம் தடுத்தலன்றி முழுத்தளத்தையும் அடைத்தல் கூடாது என விளக்க நேர்ந்தது. இலவசப் பரவலாற் புகழ்பெற்ற படமே பரவலை அஞ்சிற்று என்பது நோக்கத்தக்கது.

2013 சனவரியில் கமலகாசன் அவர்கள் தம் விஸ்வரூபம் படத்தை, படமாளிகையில் வெளியிடுவதற்கு முதனாள் இரவு, வீட்டுத் தொலைக்காட்சிக்கு நேரே வழங்க எண்ணினார். வீட்டிலிருந்து பார்ப்போர் ஆயிரம் ரூபா செலுத்துவர். இது களவன்று, உரியவரே விற்க, விரும்புவோர் வாங்கும் வாணிகம். ஆயினும் படமாளிகை உரிமையாளர் எதிர்த்தனர். அப்படத்தைத் திரையிடோம் என்றனர். அவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டார். ஈற்றில் அத்திட்டம் எண்ணியவாறு நிறைவேறவில்லை. 2015இல் இயக்குநர் சேரன் தம் படமொன்றை நேரே குறுந்தட்டாக வீடுகளுக்கு விற்றார். 2020இல் பெருந்தொற்றினாற் படமாளிகைகள் மூடிக்கிடந்தபோது, பொன்மகள் வந்தாள் படம் மே 29ஆம் நாள் இணையவழி வெளியாயிற்று. அப்போதும் படமாளிகை உரிமையாளர், அத்தயாரிப்பாளரின் பிற படங்களைத் திரையிடோம் என எச்சரித்தனர். அதே ஆண்டு நவம்பரில் சூரரைப் போற்று அவ்வழியே வந்து பெரும்புகழ் பெற்றது.

இங்கு மாணாக்கர் ஒன்றை நுணுகி அறிதல் வேண்டும். வீட்டுப் பதிவை எதிர்த்தபோது கூறப்பட்ட காரணம் கலைஞனின் உரிமை. விஸ்வரூபத்தில் கலைஞனே வீட்டுக்கு விற்க முன்வந்தான்; அப்போதும் எதிர்ப்பு எழுந்தது. ஆகவே காக்கப்பட்டது எப்போதும் கலைஞனின் உரிமை அன்று. சில வேளைகளில் இடையில் நிற்போரின் வாயிலே காக்கப்பட்டது என்பது தெளிவு. படமாளிகையாளர்க்கும் முதலிட்ட பொருளும் வேலையாட்களும் உண்டென்பதை யாம் மறுக்கவில்லை. அவர்க்குள்ள இடரைப் பேசித் தீர்த்தல் முறை. பார்ப்போன் தெரிவை அடைத்தல் முறையன்று.

5. சட்டம் கூறுவது

நம் நாட்டில் 1979ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வழங்குகின்றது. சட்டப்படி பெற்ற பிரதியொன்றிலிருந்து, தன் சொந்தப் பயனுக்காகமாத்திரம், ஒருவர் ஒரு படி எடுத்துக்கொள்ள அஃது இடமளிக்கின்றது. ஆயினும் நூல் முழுவதையும் நிழற்படி எடுத்தற்கும், கணினிச் செய்நிரலைப் படியெடுத்தற்கும் அவ்விதி பொருந்தாது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் தனிப்பயனுக்கான நேரிய கையாள்கையை ஏற்கின்றது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நிழற்படிக் கடையொன்றின்மீது 2012இல் மூன்று பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கை, 2016இல் உயர்நீதிமன்றம் தள்ளியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. கல்வியின்பொருட்டுப் பாடப் பகுதிகளைத் தொகுத்துப் படியெடுத்தல் அங்கு ஏற்கப்பட்டது.

சட்டம் தந்ததைப் பொறி பறித்தலும் உண்டு. குறுந்தட்டுகளுக்கு உலகை மண்டலங்களாகப் பிரித்து எண்ணிட்டனர். கனடாவுக்கு 1, பிரித்தானியாவுக்கு 2, நம் பகுதிக்கு 5. இலண்டனில் இருக்கும் தமக்கை காசு கொடுத்து வாங்கி அனுப்பிய தட்டு, உடுவிலிலுள்ள தம்பியின் கருவியில் ஓடாது. இதில் எவர் எதனைத் திருடினார்? 2005இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் தன் இசைத்தட்டுகளில், வாங்கியவர் அறியாமலே அவர் கணினியில் ஒளிந்துகொள்ளும் செய்நிரலை வைத்துப் பின்னர்த் தட்டுகளை மீளப்பெற நேர்ந்தது. 2009இல் அமேசன் நிறுவனம், தான் விற்ற மின்னூலொன்றை வாங்கினோர் கருவியிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. வாங்கியது நமதா, வாடகைக்குப் பெற்றதா என்ற ஐயம் இற்றைநாளில் யாவர்க்கும் உரியது.

6. தடையும் விடையும்

தடை: படியெடுத்தல் நன்றெனின், கலைஞன் வாழ்வது எவ்வாறு?

விடை: இத்தடை வலியது, தட்டிக் கழிக்கத்தக்கதன்று. எம் அயலூர்ப் பாடகர் ஒருவர் கடன்பட்டு ஒரு பக்திப் பாடற் கசெற் வெளியிட்டார். ஒரு மாதத்துள் அது கடை கடையாகப் படியெடுத்து விற்கப்பட்டது. அவர்க்குக் கடன்மாத்திரம் எஞ்சியது. அதன்பின் அவர் பாடற்பதிவை நாடவில்லை. ஆதலின் தன் வீட்டிற்கெனப் படியெடுத்தல் வேறு, பிறர் உழைப்பைப் படியெடுத்து விற்றல் வேறு எனப் பகுத்தல் வேண்டும். முன்னது காத்தல், பின்னது கவர்தல்.

தடை: வீட்டுப் படியும் ஒரு விற்பனையைக் குறைக்குமன்றோ?

விடை: சில வேளை குறைக்கும், பல வேளை கூட்டும். வீடியோக் கசெற்றின் வரலாற்றை மேலே கண்டோம். இந்தியாவில் 1980களில் கசெற் விலையைக் குறைத்து, ஊர்ப் பாடல்களையும் பக்திப் பாடல்களையும் பரப்பிய நிறுவனங்கள், நெடுங்காலம் தனியாட்சி புரிந்த இசைத்தட்டு நிறுவனத்தை வென்றன. நியாய விலையில், எளிதிற் கிடைக்குமாறு விற்பதே களவுக்குச் சிறந்த தடை.

தடை: காத்தலை உரியவரே செய்வர், பிறர்க்கென்ன வேலை?

விடை: காளிதாஸ் படத்தை நினைக்க. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் நினைக்க. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அங்கே சாம்பராயின. வேறிடத்திற் படி இருந்தவை மீண்டன, இல்லாதவை மீளவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து எவரும் படிக்க வைத்துள்ளமை, இப்பாடத்தைக் கற்றதன் பயனாம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் போந்த பொருள் மூன்று. ஆக்கியோனுக்கு உரிய கூலியைக் கொடுத்தல் நம் கடன். விலைகொடுத்துப் பெற்றதை நம் வீட்டில், நம் நேரத்தில், நம் கருவியில் நுகர்தலும், அழியாமற் காத்தற்கு ஒரு படி வைத்தலும் நம் உரிமை. இரண்டையும் மயங்கவைத்துத் தம் வாயிலைக் காப்போரின் கூற்றை ஆராயாது ஏற்றல் அறிவுடைமையன்று.

மாணாக்கர்க்கு ஒரு வேண்டுகோள். ஊர்ப் பாடகர், நாடகக் கலைஞர், நூலாசிரியர் ஆகியோரின் ஆக்கத்தை விலைகொடுத்தே வாங்குங்கள். அவர்க்கு அந்த நூறு ரூபா பெரிது. பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரி நாடகம், பரிசளிப்பு விழா, ஆசிரியர் ஒருவரின் பேச்சு என எதுவேனும் பழைய ஒலிநாடாவிலோ கசெற்றிலோ உங்கள் வீட்டில் இருப்பின், அது இலண்டனாயினும் ரொறன்ரோவாயினும் சிட்னியாயினும், பூஞ்சணம் பிடிக்குமுன் ஒரு படி எடுத்துக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். படி ஒன்றே போதும்.

எம் பெரியப்பா 2011இற் காலமானார். அக்கசெற் இப்போது மூன்று படிகளாக மூன்று நாடுகளில் இருக்கின்றது. பெட்டிமாத்திரம் உடுவிலில் இருக்கின்றது.